இரும்புசார் உயிரணு இறப்பு: கருத்தும் கலைச்சொல்லும்

1. முன்னுரை

அறிவியல் துறைகளில் புதிதாகத் தோன்றும் கலைச்சொற்களுள் சில, தத்தம் துறையின் எல்லைக்குள் நின்றுவிடாமல் விரைவில் பொதுமக்கள் படிக்கும் ஏடுகளுக்கும் வந்துசேர்கின்றன. மருத்துவச் சொற்கள் இவ்வகையில் முதலிடம் பெறுகின்றன. 2012ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் ஆக்கப்பட்ட 'ஃபெரோப்டோசிஸ்' என்னும் சொல் அத்தகையது. இரும்பைச் சார்ந்து நிகழும் ஒருவகை உயிரணு இறப்பை இச்சொல் குறிக்கிறது. பார்க்கின்சன் நோய், சிறுநீரக நோய், கல்லீரல் நோய், புற்றுநோய் முதலானவை பற்றிய ஆய்வுகளில் இந்நிகழ்வு இன்று பெரிதும் பேசப்படுகிறது. இச்சொல்லைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என்பதை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

இது சொல்லழகு பற்றிய ஆய்வு மட்டுமன்று. 2019-21இல் நிகழ்ந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல மதிப்பாய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களுள் 57 விழுக்காட்டினர் இரத்தசோகை உடையவர்கள். இரத்தசோகைக்குக் காரணங்கள் பலவாயினும் இரும்புச்சத்துக் குறைபாடு அவற்றுள் முதன்மையானது. இரும்புச்சத்து மாத்திரைகளை நாள்தோறும் வழங்கிவரும் ஒரு நாட்டில், 'இரும்பால் உயிரணுக்கள் இறக்கின்றன' என்று பொருள்படும் ஒரு தொடரை மொழிபெயர்ப்பாளர் கவனமின்றி எழுதிவிட்டால், அதனைப் படிக்கும் கருவுற்ற பெண் ஒருத்தி தன் மாத்திரையை ஒதுக்கிவைக்கக்கூடும். எனவே இங்கு ஒரு வேற்றுமை உருபின் தேர்வும் பொறுப்புக்குரியதாகிறது.

2. நிகழ்வின் இயல்பு

சொல்லை ஆராயுமுன் அது சுட்டும் பொருளைத் தெளிவுபடுத்திக்கொள்வது நன்று. உயிரணுவைச் சூழ்ந்துள்ள சவ்வு பெரும்பாலும் பாஸ்போலிப்பிடு என்னும் கொழுப்புவகைப் பொருள்களால் ஆனது. அவற்றில் அமைந்துள்ள நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் ஆக்சிஜனால் எளிதில் தாக்கப்படுபவை. அவ்வாறு தாக்கப்படும்போது லிப்பிட் பெராக்சைடுகள் தோன்றுகின்றன. வீட்டில் நாட்பட்ட எண்ணெய் கெட்டுச் சிக்கு வாடை வீசுவதும் அடிப்படையில் இவ்வகை வேதிமாற்றமே ஆகும்.

ஃபெரஸ் நிலையிலுள்ள இரும்பு பெராக்சைடுகளுடன் வினைபுரிந்து வினையாற்றல் மிக்க துகள்களை உண்டாக்கும். இரும்பும் ஹைட்ரஜன் பெராக்சைடும் சேர்ந்து நிகழ்த்தும் ஆக்சிஜனேற்றத்தை 1894ஆம் ஆண்டிலேயே ஹென்றி ஃபென்டன் என்னும் வேதியியலார் விளக்கியிருந்தார். உயிரணுச் சவ்விலும் இதனையொத்த வினை நிகழ்கிறது. தோன்றும் துகள்கள் அண்டையிலுள்ள கொழுப்பு அமிலங்களைத் தாக்க, அவை மேலும் சிலவற்றைத் தாக்க, வினை சங்கிலியாகத் தொடர்கிறது. இறுதியில் சவ்வு சிதைந்து உயிரணு இறக்கிறது.

நலமான உயிரணுவில் இவ்வினை அடக்கிவைக்கப்பட்டுள்ளது. குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் 4 என்னும் நொதி லிப்பிட் பெராக்சைடுகளைத் தீங்கற்ற பொருள்களாக மாற்றிவிடுகிறது. செலினியம் என்னும் தனிமத்தைத் தன் அமைப்பில் கொண்ட இந்நொதி தொழிற்படக் குளுட்டாதயோன் தேவை. குளுட்டாதயோன் உருவாகச் சிஸ்டீன் என்னும் அமினோ அமிலம் தேவை. இத்தொடரில் ஏதேனும் ஒரு கண்ணி அறுந்தால் காவல் குன்றுகிறது. வைட்டமின் ஈ போன்ற பொருள்களும் இச்சங்கிலி வினையைத் தடுக்கின்றன. 2019ஆம் ஆண்டில் துணைநொதி கியூ10ஐப் பயன்படுத்தும் வேறொரு காவல் முறையும் கண்டறியப்பட்டது.

ஆகவே இந்நிகழ்வுக்கு மூன்று சூழல்கள் ஒருங்கே அமைதல் வேண்டும்: ஆக்சிஜனேற்றத்துக்கு ஆட்படும் கொழுப்பு அமிலங்கள், வினைபுரியும் நிலையிலுள்ள இரும்பு, காவல் அமைப்பின் தளர்ச்சி. இம்மூன்றனுள் இரும்பு ஒன்றே சொல்லில் இடம்பெற்றது. ஏனைய இரண்டும் சொல்லுக்கு வெளியே நிற்கின்றன. மொழிபெயர்ப்புச் சிக்கலின் வேர் இங்குத்தான் உள்ளது.

3. மூலச்சொல்லின் வரலாறு

1972ஆம் ஆண்டில் கெர், வைலி, கரி என்னும் அறிஞர் மூவர், ஒழுங்குமுறையுடன் நிகழும் உயிரணு இறப்புக்கு 'அப்போப்டோசிஸ்' என்று பெயரிட்டனர். இப்பெயரைப் பரிந்துரைத்தவர் அபர்தீன் பல்கலைக்கழகக் கிரேக்கமொழிப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக். மரத்திலிருந்து இலையும் மலரிலிருந்து இதழும் உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல் அது. 'அப்போ' என்பது நீங்குதலையும் 'ப்டோசிஸ்' என்பது வீழ்தலையும் குறிக்கும்.

மொழியியலார்க்கு இப்பின்னுறுப்பு புதியதன்று. கிரேக்க இலக்கணிகள் வேற்றுமையைக் குறிக்க வழங்கிய சொல்லும் 'ப்டோசிஸ்' என்பதே. இலத்தீன் இலக்கணிகள் அதனை மொழிபெயர்த்து, வீழ்தல் என்னும் பொருளுடைய 'காசுஸ்' என்றனர். ஆங்கிலத்தில் வேற்றுமையைக் குறிக்கும் 'கேஸ்' அதன் வழிவந்தது. ஒரே சொல் ஒரு துறையில் பெயர்ச்சொல்லின் திரிபையும், மற்றொரு துறையில் உயிரணுவின் முடிவையும், கண்மருத்துவத்தில் இமைத் தொய்வையும் குறிக்கிறது.

அப்போப்டோசிஸ் நிலைபெற்ற பின்னர் அதன் பின்பகுதி தனித்துப் பிரிந்து, 'உயிரணு இறப்பு' என்னும் பொருளைத் தானே ஏற்றுக்கொண்டது. 2001இல் பைரோப்டோசிஸ், 2005இல் நெக்ரோப்டோசிஸ், 2012இல் ஃபெரோப்டோசிஸ், 2022இல் செம்பைச் சார்ந்த இறப்பைக் குறிக்கும் குப்ரோப்டோசிஸ் எனச் சொற்கள் பெருகின. ஃபெரோப்டோசிஸ் என்னும் சொல்லை வழங்கியவர்கள் நியூயார்க் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஸ்காட் டிக்சன், பிரென்ட் ஸ்டாக்வெல் முதலியோர் ஆவர். இதில் இலத்தீன் முன்னுறுப்பும் கிரேக்கப் பின்னுறுப்பும் கலந்துள்ளன. இச்சொல்லில் உதிர்தல் என்னும் படிமம் எஞ்சியிருக்கவில்லை. இங்கு இறக்கும் உயிரணு இலைபோல அமைதியாக உதிர்வதுமில்லை. அதன் சவ்வு சிதைகிறது. எனவே வேர்ப்பொருளைப் பின்பற்றி 'இரும்புதிர்வு' என்று ஆக்கினால், மூலச்சொல்லே கைவிட்ட ஒரு பொருளை நாம் மீட்டுக்கொண்டு வருவதாகும். படிப்பவர்க்கு இரும்புத்தூள் உதிர்வதே நினைவுக்கு வரும்.

4. தில்லி ஆணையத்தின் நெறிகள்

இந்திய மொழிகளின் கலைச்சொல்லாக்கத்துக்கெனத் தில்லியில் 1961ஆம் ஆண்டில் நடுவணரசு நிறுவிய அறிவியல் தொழில்நுட்பக் கலைச்சொல் ஆணையத்தின் நெறிகளை இங்கு நினைவுகூர்தல் தகும். இயற்பியல் அறிஞர் தௌ. சி. கோத்தாரி அதன் முதல் தலைவராக விளங்கினார். ஆணையத்தின் நெறிகளுள் இரண்டு நம் சிக்கலுக்கு நேரடித் தொடர்புடையவை. தனிமங்கள், சேர்மங்கள், அளவைகள், ஆட்பெயரடியாகப் பிறந்த சொற்கள் முதலிய அனைத்துலகச் சொற்களை ஒலிபெயர்த்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. கருத்தைக் குறிக்கும் சொற்களைப் பொதுவாக மொழிபெயர்க்க வேண்டும் என்பது மற்றொன்று.

ஃபெரோப்டோசிஸ் இவ்விரு நெறிகளுக்கும் இடையே நிற்கிறது. உலகெங்கும் ஒரே வடிவில் வழங்குவதால் அது அனைத்துலகச் சொல். ஒரு பொருளையோ அளவையோ குறிக்காமல் ஒரு நிகழ்வைப் பற்றிய கருத்தைக் குறிப்பதால் அது கருத்துச்சொல்லும் ஆகும். இந்திய மொழிகளிடையே ஒருமை காணும்பொருட்டுச் சமஸ்கிருத வேர்களை நாடுவது ஆணையத்தின் மற்றொரு நெறி. தமிழ்ச் சொல்லாக்க மரபு இதனின்று பெரிதும் வேறுபட்டுத் தன் வேர்ச்சொற்களையே நாடிவந்துள்ளது. இரும்பு, சார்தல், இறத்தல் ஆகிய மூன்றும் தமிழில் எளிய சொற்களாக இருக்க, இங்கு வேறிடம் செல்லத் தேவையில்லை.

5. ஒலிபெயர்ப்பின் எல்லை

ஒலிபெயர்ப்பு ஆய்வாளர்க்குப் பயன்படும். மூலக் கட்டுரைகளைத் தேடிச்செல்ல வழிகாட்டும். எனினும் அதன் குறைகளும் கருதத்தக்கவை. தமிழில் பகர மெய் தன்னொடு மட்டுமே மயங்கும். பகர மெய்க்குப் பின் டகரம் வருதல் தமிழ் மரபன்று. எனவே 'ப்டோ' என்னும் கூட்டு எழுத்திலும் ஒலிப்பிலும் இடர்ப்பாடு தருகிறது. 'ஃபெரோப்டோசிஸ்', 'பெரோப்டோசிஸ்', 'பெரொப்டோசிசு' எனப் பல வடிவங்கள் தோன்ற இடமுண்டு. முன்னுறுப்பு இரும்பைக் குறிக்கிறது என்பதும் தமிழ் படிப்பவர்க்குப் புலப்படாது. சுருங்கக் கூறின், ஒலிபெயர்ப்பு தவறான பொருளைத் தருவதில்லை. பொருள் எதனையும் தருவதுமில்லை.

6. மொழிபெயர்ப்பின் இடர்கள்

6.1 தொகைச்சொல்

இரும்பு, இறப்பு என்னும் இரு சொற்களையும் புணர்த்தால் குற்றியலுகரம் கெட்டு 'இரும்பிறப்பு' என்றாகும். இவ்வடிவத்தை 'இரும் பிறப்பு' எனவும் பிரிக்கலாம். அப்போது பெரும் பிறப்பு என்று பொருள்படும். இறப்பைக் குறிக்க ஆக்கிய சொல் பிறப்பைக் குறிப்பதாக முடியும். 'இரும்புச் சாவு' என்று ஆக்கினால் இம்மயக்கம் நீங்கும். ஆனால் வேறொன்று தோன்றும். தொகைச்சொல்லில் வேற்றுமை உருபு மறைந்துநிற்பதால், இரும்பினால் நேரும் சாவா, இரும்பினது சாவா, இரும்பைச் சார்ந்த சாவா என்பது தெளிவாவதில்லை.

6.2 மூன்றாம் வேற்றுமை

உருபை விரித்து 'இரும்பால் நேரும் உயிரணு இறப்பு' என்று எழுதினால் மயக்கம் நீங்குகிறது, பிழை நுழைகிறது. மூன்றாம் வேற்றுமை வினைமுதலையும் கருவியையும் உணர்த்துவது. ஏதுப்பொருளும் அதற்கு உண்டு. இத்தொடரைப் படிப்பவர், இரும்பு இருந்தால் உயிரணு இறக்கும் என்றே கொள்வர்.

ஆனால் அறிவியலார் கூறுவது அதுவன்று. உயிரணு இறப்பின் பெயரீட்டுக் குழு 2018இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, இரும்பைப் பற்றிக்கொள்ளும் மருந்துகளாலும் கொழுப்பில் கரையும் ஆக்சிஜனேற்றத் தடுப்பிகளாலும் தடைப்படுவது இவ்விறப்பை அடையாளம் காட்டும் பண்பாகும். அதாவது இரும்பை விலக்கினால் இவ்விறப்பு நிகழாது. தருக்க நூலார் அன்வயம், வெதிரேகம் எனப் பிரித்துக் காட்டும் இருவகை உறவுகளுள் இங்கு நிறுவப்பட்டது வெதிரேகமே: இல்லாதவிடத்து நிகழாமை. 'உள்ளவிடமெல்லாம் நிகழும்' என்னும் அன்வயம் நிறுவப்படவில்லை, நிறுவவும் இயலாது. நம் உடலின் உயிரணுக்கள் இரும்பைக் கொண்டே வாழ்கின்றன. விறகின்றி அடுப்பு எரியாது; ஆயினும் விறகு அடுக்கிய வீடெல்லாம் தீப்பற்றுவதில்லை.

6.3 'சார்' என்னும் உறுப்பு

'இரும்புசார்' என்னும் வடிவம் மேற்கூறிய இடர்களைப் பெரிதும் தவிர்க்கிறது. 'சார்' என்பது வினைத்தொகையாகக் காலங்காட்டாது நிற்பதால் வரையறைக்கு ஏற்றது. வலி மிகாமல் எழுதப்படுவதால் உறுப்புகள் தெளிவாகத் தெரிகின்றன. இன்றைய உரைநடையில் 'மொழிசார்', 'தொழில்சார்' என்பனபோல வெறும் தொடர்பைக் குறிக்கவும் இது வழங்குவதால், 'இன்றியமையாத சார்பு' என்னும் பொருள் சற்றே நெகிழ்கிறது என்பது உண்மை. எனினும் இது குறைத்துச் சொல்லும் பிழை. மூன்றாம் வேற்றுமை உருபு செய்வது மிகைத்துச் சொல்லும் பிழை. மருத்துவ மொழிபெயர்ப்பில் முன்னதன் தீங்கு சிறிது.

6.4 'உயிரணு' என்னும் உறுப்பு

தமிழகப் பாடநூல்களில் 'செல்' என்பதும், இலங்கைப் பாடநூல்களில் 'கலம்' என்பதும், கட்டுரைகளில் 'உயிரணு' என்பதும் வழங்குகின்றன. இவற்றுள் உயிரணு பொருள் விளக்கமுடையது. ஆயினும் பொதுமக்கள் படிக்கும் மருத்துவப் பகுதிகளில் ஆண்களின் விந்தணுவைக் குறிக்கவும் 'உயிரணு' என்னும் சொல் பரவலாக ஆளப்படுகிறது. அத்தகைய ஏட்டில் 'இரும்புசார் உயிரணு இறப்பு' என்று எழுதினால், இரும்புச்சத்து ஆண்மைக்குக் கேடு என்று பொருள்கொள்ள இடமுண்டு. எனவே ஆய்வேடுகளில் உயிரணு என்றும், பொது ஏடுகளில் தமிழகத்தில் செல் என்றும், இலங்கையில் கலம் என்றும் வழங்குவதே தக்கது.

7. நாள்பட்ட நோய்களில் இதன் பங்கு

இரும்பு மிகுதியால் வரும் தீங்கு தில்லி மருத்துவமனைகள் நன்கறிந்த ஒன்று. வடமேற்கு இந்தியாவிலிருந்து வந்து குடியேறிய சமூகத்தினரிடையே தலசீமியா மரபுக்கூறு கூடுதலாகக் காணப்படுவதால், நகரின் பல மருத்துவமனைகளில் தலசீமியாக் குழந்தைகளுக்கு முறையாகக் குருதி ஏற்றும் பிரிவுகள் இயங்குகின்றன. ஒருமுறை ஏற்றப்படும் ஓர் அலகுக் குருதியில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளது. உடல் நாளொன்றுக்கு இழப்பதோ 1 முதல் 2 மில்லிகிராம் மட்டுமே; மிகுதியை வெளியேற்றத் தனி வழி உடலுக்கு இல்லை. வளர்ந்த ஒருவரின் உடலிலுள்ள மொத்த இரும்பே 3 முதல் 4 கிராம்தான். ஆகவே ஆண்டுக்கணக்கில் சேரும் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் நாளமில்லாச் சுரப்பிகளிலும் படிந்து அவற்றைப் பழுதாக்குகிறது. இதனை நீக்க டெஸ்ஃபெரியாக்சமைன் என்னும் மருந்தைத் தோலுக்கடியில் பல மணிநேரம் செலுத்த வேண்டியிருந்தது. வாய்வழி உட்கொள்ளத்தக்க டெஃபெரிப்ரோன் 1990களின் நடுப்பகுதியில் இந்தியாவில் பயன்பாட்டுக்கு வந்தது. ஐரோப்பாவில் 1999இலும் அமெரிக்காவில் 2011இலும் ஒப்புதல் பெற்றது.

இங்கு இரும்பு மிகுதி உண்மை. அதனை நீக்குவதால் வரும் நன்மையும் உண்மை. இதனைக் கண்டவர்க்கு, இரும்பு மிகுந்து காணப்படும் பிற நோய்களிலும் அதனை நீக்கினால் நன்மை விளையும் என்று தோன்றுவது இயல்பே. பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் கரும்பொருள் என்னும் பகுதியில் இரும்பு கூடுதலாகச் சேர்ந்திருப்பது நெடுநாளாக அறியப்பட்டது. அங்குள்ள நரம்பணுக்கள் இரும்புசார் முறையில் இறக்கின்றன என்னும் கருதுகோளும் வலுப்பெற்றிருந்தது. இந்நோய்க்கு அப்போதுதான் ஆட்பட்டு, வழக்கமான மருந்து தொடங்கப்படாத 372 பேரிடம் ஐரோப்பாவில் டெஃபெரிப்ரோன் சோதிக்கப்பட்டது. 36 வாரங்களுக்குப் பின் மூளையின் அப்பகுதியில் இரும்பு குறைந்தது. ஆனால் நோய்க்குறிகள் போலிமருந்து பெற்றவர்களைவிட மருந்து பெற்றவர்களிடமே கூடுதலாக மோசமடைந்தன. நோய் முற்றியதால் வழக்கமான மருந்தைத் தொடங்க வேண்டியவர்கள் முன்னவருள் 2.7 விழுக்காடு, பின்னவருள் 22 விழுக்காடு. இம்முடிவு 2022 டிசம்பரில் வெளியாயிற்று. டோபமைன் உருவாகத் துணைபுரியும் நொதிக்கும் இரும்பு தேவை என்பது இதற்குக் கூறப்படும் விளக்கங்களுள் ஒன்று.

சிறுநீரகத்தைப் பொறுத்தவரை, எலிகளில் குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் 4ஐ நீக்கியபோது சிறுநீரகம் விரைந்து செயலிழந்தது 2014இல் காட்டப்பட்டது. புற்றுநோயிலோ நிலைமை தலைகீழானது. மருந்துக்கு இணங்காத சில புற்றுநோய் உயிரணுக்கள் இந்நொதியின் காவலையே நம்பி வாழ்வதால், அவற்றை இவ்வழியில் இறக்கச் செய்ய இயலுமா என்று ஆராய்கின்றனர். ஓரிடத்தில் தடுக்க வேண்டிய இறப்பு, மற்றோரிடத்தில் தூண்ட வேண்டிய இறப்பாகிறது. எனவே 'இரும்பு நஞ்சு', 'இரும்புக் கேடு' என மதிப்பீட்டை உள்ளடக்கிய பெயர்கள் இதற்குப் பொருந்தா.

8. மொழிபெயர்ப்பாளர் கருதத்தக்கன

மேற்கூறியவற்றிலிருந்து சில நெறிகளைத் தொகுத்துரைக்கலாம்.

முதலாவது, ஆய்வேடுகளில் 'இரும்புசார் உயிரணு இறப்பு' என்பதைக் கலைச்சொல்லாகக் கொண்டு, முதன்முறை வருமிடத்தில் ஒலிபெயர்ப்பையும் உடன் தரலாம். இம்முறையில் அமைத்தால் குப்ரோப்டோசிஸ் போன்றவற்றையும் 'செம்புசார் உயிரணு இறப்பு' என ஒரே வாய்பாட்டில் வழங்க இயலும்.

இரண்டாவது, தில்லியில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் உருவாகித் தமிழாக்கத்துக்கு வரும் பொதுச் சுகாதார ஏடுகளில் கலைச்சொல்லை மட்டும் தந்து அமைதல் போதாது. 'உயிரணுவின் காவல் தளரும்போது, அதன் சவ்விலுள்ள கொழுப்பு இரும்பின் துணையுடன் ஆக்சிஜனால் கெட்டு, அது இறக்கிறது' என்று சூழலையும் விரித்துக் கூறுதல் வேண்டும். இங்கு 'துணையுடன்' என்னும் சொல் இரும்பை வினைமுதலாக்காமல் துணைக்காரணமாக நிறுத்துவதைக் காணலாம்.

மூன்றாவது, ஆங்கில ஆய்வுரைகளில் நோய்க்கும் இந்நிகழ்வுக்கும் உள்ள உறவு பல படிநிலைகளில் கூறப்படும். 'தொடர்புடையதாகக் காணப்படுகிறது', 'பங்கு இருக்கக்கூடும்', 'விலங்குகளில் காட்டப்பட்டுள்ளது', 'காரணமாகிறது' என்பன வெவ்வேறு படிகள். தமிழாக்கத்தில் இவையனைத்தும் 'ஏற்படுத்துகிறது' என்னும் ஒரே வினைமுற்றில் கரைந்துவிடுதல் கூடாது.

நான்காவது, நோயின் பெயரடையிலும் கவனம் வேண்டும். நெடுங்காலம் நீடிப்பதை 'நாள்பட்ட நோய்' எனலாம். 'தீராத நோய்' என்றால் மருத்துவர் சொல்லாத ஒரு தீர்ப்பை மொழிபெயர்ப்பாளர் வழங்கியதாகும்.

9. முடிவுரை

ஒரு கலைச்சொல் தான் குறிக்கும் நிகழ்வின் எல்லாக் கூறுகளையும் சுமக்க இயலாது. ஒன்றைத் தேர்ந்து பிறவற்றை விடும். ஃபெரோப்டோசிஸ் என்னும் சொல் இரும்பைத் தேர்ந்தது. மூலச்சொல்லில் இரும்புக்கும் இறப்புக்கும் உள்ள உறவு வெளிப்படையாகக் கூறப்படவில்லை. ஆங்கிலம் அதனைக் கூறாமலேயே கடந்துசெல்கிறது. உருபும் விரியும் உடைய தமிழில் எழுதுபவர் அவ்வுறவைப் பெயரிட்டாக வேண்டும். 'ஆல்' என்பதா 'சார்' என்பதா என்னும் தேர்வு, ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்பதா, ஒன்றின்றி மற்றொன்று இல்லை என்பதா என்னும் தேர்வே ஆகும். இரும்பைக் குறைத்தும் பார்க்கின்சன் நோயாளிகள் நலம்பெறவில்லை என்னும் சோதனை முடிவு, இவ்விரண்டும் வேறு என்பதை மருத்துவ உலகுக்குக் காட்டிற்று. தமிழாக்கம் தொடக்கத்திலேயே இவ்வேறுபாட்டைப் பேணுமாயின், இரும்புச்சத்து தேவைப்படுவோர் அதனை அஞ்சி விலக்கும் நிலை வாராமல் காக்க அதுவும் உதவும்.